ஆடாதவனுக்குப் பேசிய விலை

எண்பதுகளின் நடுப்பகுதியில் இலண்டனின் கிங்ஸ்பரியில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் மூவர் குடியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்துவிட்டு வந்த நான், பொது நூலகமொன்றின் கிடங்கில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவரான என் ஊர் நண்பர் முன்னறையில் இருந்தார். கிழமை நாள்களில் தொழிற்சாலையொன்றில் பெட்டி கட்டுவதும் சனிக்கிழமைகளில் பெற்றோல் நிலையத்தில் நிற்பதும் அவர் தொழில். சமையலறைக்கு அடுத்த சிறிய அறை மன்னாரிலிருந்து வந்த ஒருவருடையது. அவர் பாண், ரொட்டி சுடும் வெதுப்பகமொன்றில் வேலை செய்தார். ஞாயிற்றுப் பூசையைத் தவறவிடாதவர், பிறரைச் சீண்டும் வாய்ப்பையும் தவறவிடாதவர். என் பழைய தொழிலைக் கருதி இருவரும் என்னை மாஸ்டர் என்றே அழைத்தனர்.

ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியில் அமெரிக்கக் காற்பந்தாட்டம் காட்டினார்கள். பந்தை ஏறத்தாழ முழு நேரமும் கையில் வைத்துக்கொண்டு ஆடும் அந்த ஆட்டத்தை எங்கள் வீட்டில் முழுதாக விளங்கிக்கொண்டவர் நண்பர் ஒருவரே. அவர் எனக்கு முதலில் கற்பித்தது குவாட்டர்பேக் என்பவனைப் பற்றி. அணியின் பந்து முதலில் அவன் கைக்கு வரும். எதிரணியின் பருத்த உடலினர் நால்வர் ஐவர் அவனை வீழ்த்த ஓடிவருவர். அவர்களைத் தடுப்பதற்கு அவனுக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும். அந்த வரிசை தாங்கும் இரண்டு மூன்று நொடிகளுக்குள் பந்தை எவனுக்கு எறிவது என்று அவன் தீர்மானிக்க வேண்டும். வென்றாலும் தோற்றாலும் பேசப்படுவது அவன் பெயரே.

ஓர் இலையுதிர்கால மாலையில் திரையில் ஓர் இளைஞனைக் காட்டினார்கள். அதுவரை பல்கலைக்கழக அணிக்கு மட்டுமே ஆடியவன். அவ்வாண்டுதான் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்திருந்தான். முந்திய பருவத்தில் எல்லாரிடமும் தோற்ற அணி ஒன்று பெருந்தொகை பேசிப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் அவனை எடுத்திருந்தது.

"இவன் இன்னும் ஒரு மட்ச் கூட ஆடேல்லை, மாஸ்டர்," என்றார் நண்பர். "பத்து வருசம் ஆடி வெண்டு குடுத்தவனுக்கும் இந்தச் சம்பளம் இல்லை."

"பிறகேன் குடுக்கிறாங்கள்?"

"ஆடினவனுக்கு ஆடினதைப் பாத்து விலை. ஆடாதவனுக்கு எங்கடை ஆசையைப் பாத்து விலை. அவன் தோத்ததை ஆரும் இன்னும் காணேல்லைத்தானே. விசர்க் கூட்டம்!"

"நல்ல ரீம் ஒண்டும் அவனைக் கேக்கேல்லையோ?"

"கேக்கேலாது. கடைசியா வந்த ரீமுக்குத்தான் முதல் தெரிவு. அதுதான் சட்டம். கெட்டிக்காரப் பொடியன் எப்பவும் கெட்ட ரீமுக்குத்தான் போவான்."

சமையலறையிலிருந்து மன்னார்க்காரரின் குரல் வந்தது: "மாஸ்டர், உது அமெரிக்காவோ, எங்கடை ஊர்க் கலியாணப் பேச்சோ?"

மூவரும் சிரித்தோம். நண்பரின் தங்கைக்கு அப்போது வரன் எதுவும் வந்திருக்கவில்லை.

ஆட்டப் பருவம் தையில் முடிந்தது. மாசியில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. நண்பரின் தங்கைக்கு வயது இருபத்திரண்டு. உயர்தரப் பரீட்சையில் தேறிப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தவள். நாட்டு நிலைமையில் பெண்பிள்ளையை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் அக்காலத்தில் எல்லாப் பெற்றோருக்கும் இருந்தது. தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளை இலண்டனில் இருந்தார். மோர்டனில் தாய்மாமன் வீட்டில் தங்கி, இங்கே உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்திலும் அதியுயர் சித்தி பெற்று, பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். சாதகம் பொருந்தியது.

எங்கள் வழக்கத்தில் வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதுவது சீதனம். அதற்கு மேல் மாப்பிள்ளையின் பெற்றோருக்குப் பணமாகக் கொடுப்பது நன்கொடை. அந்த நன்கொடையைக் கொண்டு அவர்கள் தம் மகளைக் கட்டிக்கொடுப்பர். எழுதிக் கொடுக்க வீடு இருந்தது. நன்கொடைக்குத் தோட்டக்காணியை விற்றாக வேண்டும். அந்தக் காணியில் விளைந்த வெங்காயமும் மிளகாயும்தான் நண்பரின் தாய் தந்தையரின் சீவனம். பங்குனிக்குள் சம்மதம் சொல்லி வைகாசியில் மணம் முடித்தால் இந்தத் தொகை. ஆனியில் பரீட்சை, அதன் பிறகு பேசினால் கதையே வேறு என்று மாப்பிள்ளையின் தந்தை சொல்லியனுப்பியிருந்தார். ஒரு குடும்பத்தின் காணியும் ஒரு பெண்ணின் வாழ்நாளும், இன்னும் பட்டம் பெறாத ஒருவரின் மேல் வைக்கப்படவிருந்தன.

"தம்பி, இன்னும் பந்து எறியாதவனுக்கோ காணி விக்கப் போறீர்?" என்றார் மன்னார்க்காரர்.

"இது வேறை. மூண்டு ஏ எடுத்த பொடியன்."

"ரீவியிலை வந்தவனும் கொலிச்சிலை மூண்டு ஏ எடுத்தவன்தானே?"

"நீர் போய்ப் பாணைச் சுடும்," என்றார் நண்பர்.

பெண் வீட்டார் நேரில் போய் மாப்பிள்ளையை அளப்பது மரியாதையன்று. பொதுவான ஒருவர் போய் விசாரித்து வருவதே முறை. நண்பர் என்னைக் கேட்டார்; நான் ஒப்புக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல், சாரிங் கிராஸில் வண்டி மாறி, பாதை முடியும் இடமான மோர்டனில் இறங்கினேன். தாய்மாமன் வாசலிலேயே வரவேற்றார். சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தார். கன்னத்தின் கீழே திறந்த புத்தகம். உடலில் பெற்றோல் நிலையத்தின் நீலச் சட்டை, கழற்றப்படாமல். மாமன் தோளைத் தொட்டு எழுப்பியதும் திடுக்கிட்டு எழுந்து, முகம் கழுவிவிட்டு வந்து, என் முன் இருந்தார். பக்கங்களின் விளிம்பு அவர் கன்னத்தில் கோடாகப் பதிந்திருந்தது.

விசாரிக்க வேண்டியவற்றை நான் ஒழுங்காக விசாரித்தேன். குடி உண்டா, புகை உண்டா, கோயிலுக்குப் போகிறவரா, தாய்வழி எந்தப் பகுதி, உடன்பிறந்தோர் எத்தனை பேர், அவர்களில் மணமாகாதோர் எத்தனை பேர், படிப்பு முடிய இன்னும் எவ்வளவு காலம். ஓம் என்றும் இல்லை என்றும் அவர் விடை சொன்னார். உயரம் போதுமானது. பார்வை நேரானது. மாமி பொரித்துக் கொண்டுவந்த பற்றிஸ் பலகாரத்தை அவர் தொடவில்லை. நான் இரண்டு தின்றேன்.

புறப்பட்டபோது நிலையம் வரை கூட வந்தார். வாசலில் பத்திரிகை விற்பவனைத் தாண்டியதும் நின்றார்.

"மாஸ்டர், ஒண்டு சொன்னால் குறை நினைக்கமாட்டியளே?"

"சொல்லும், தம்பி."

"ஆனியிலை சோதினை. அது முடியுமட்டும் பொறுக்கச் சொல்லி அவையிட்டை ஒருக்காச் சொல்லுவியளோ? அப்பாவிட்டை என்னாலை சொல்லேலாது."

சொல்கிறேன் என்றேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கலியாணப் பேச்சுகளில் நான் முன்னரும் தூது போனவன். பரீட்சைக்குப் பின் பேசலாம் என்று மாப்பிள்ளை பக்கத்தார் சொல்வதற்கு ஒரே பொருளைத்தான் நாங்கள் அனைவரும் அறிந்திருந்தோம். கிங்ஸ்பரி வரையான பயணத்தில் அப்பொருளில் எனக்குச் சிறிதும் ஐயம் எழவில்லை.

"ஆள் எப்பிடி, மாஸ்டர்?" நண்பர் கதவருகிலேயே கேட்டார்.

"நல்ல பிள்ளை. ஒரு பழக்கமும் இல்லை. புத்தகத்துக்கு மேலை படுத்து நித்திரை கொள்ளுற அளவுக்குப் படிக்கிறார். கடும் உழைப்பாளி."

"வேறை?"

"சோதினை முடியுமட்டும் பொறுக்கட்டாம்."

நண்பர் கையைத் தட்டினார். "கண்டியளோ! தேப்பனை விடக் கெட்டிக்காரன். றிசல்ற்ஸ் வந்தால் இன்னும் கூட்டிக் கேக்கலாம் எண்டு பாக்கிறான்."

"எனக்கும் அப்பிடித்தான் விளங்கினது."

"அப்ப பொறுக்கவே கூடாது."

அந்த மாலையே கொழும்பிலிருந்த உறவினரைத் தொலைபேசியில் அழைத்தார். "சம்மதம் எண்டு சொல்லுங்கோ. இந்தக் கிழமையே சொல்லுங்கோ," என்று அவர் உரக்கச் சொன்னது மாடியில் என் அறை வரை கேட்டது.

தோட்டக்காணி விற்கப்பட்டது. பெண் இலண்டன் வந்தாள். வைகாசியில் வெம்பிளியில் ஒரு மண்டபத்தில் மணம் நடந்தது. ஆனியில், மணமாகி மூன்றாவது வாரத்தில், மாப்பிள்ளை பரீட்சை எழுதி இரண்டு பாடங்களில் தவறினார். தவறிய பாடங்களை மறுபடி எழுதி ஒன்றில் மட்டும் தேறினார். அடுத்த ஆண்டு அவரைப் பல்கலைக்கழகம் விலக்கியது.

நடந்தது என்ன என்பது பிறகு துண்டு துண்டாகத் தெரியவந்தது. நன்கொடை மாப்பிள்ளையின் தமக்கையின் மணத்துக்குப் போயிற்று. அவர் கையால் அதைத் தொடவும் இல்லை. அடுத்து அவருடைய தம்பியை வெளிநாட்டுக்கு எடுக்க வேண்டும் என்று தந்தை எழுதினார். நல்ல விலைபோன மகன் அதைச் செய்வான் என்பதில் ஊரில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஃபாரஸ்ட் கேட்டில் எடுத்த வீட்டுக்கு வாடகை கட்ட வேண்டும். வெள்ளி முதல் திங்கள் வரை பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். பின்னர் மற்ற நாள்களிலும் ஷிப்ட். நான் மோர்டனில் கண்டது படிப்பால் வந்த உறக்கமன்று. மணத்துக்கு முன்னரே அவர் தம்மால் இயன்றதன் எல்லையில் நின்றிருந்தார்.

திரையில் அந்த அமெரிக்க இளைஞனும் முதல் வாரத்திலிருந்தே ஆடினான். ஓராண்டு ஓரத்தில் இருத்தி, மூத்தவனைப் பார்த்துப் பழக விடலாம் என்று சிலர் சொன்னார்களாம். அவ்வளவு கொடுத்து எடுத்தவனைச் சும்மா இருத்திவைக்க உரிமையாளருக்கு மனம் வரவில்லை. முன்வரிசைக்கு நல்ல ஆள்களையும் அவர் எடுக்கவில்லை. பணத்தையெல்லாம் பந்தெறியும் ஒருவன்மேலேயே போட்டிருந்தார். பந்து கைக்கு வருமுன்னரே எதிரிகள் வந்தார்கள். மூன்றாம் பருவத்தில் அவனுடைய இடத்தில் வேறொருவன் நின்றான். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி ஓரத்தில் நின்ற அவனைக் காட்டியபோது நண்பர் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"நான் காணி வித்தது எஞ்சினியருக்கு," என்றார். "பெற்றோல் அடிக்கிறதுக்கு எங்கடை வீட்டிலை நானே இருக்கிறனே."

மன்னார்க்காரர் எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

தங்கையைத் தன்னிடம் வந்துவிடச் சொன்னார் நண்பர். அவள் வரவில்லை. அதன் பின் அவர் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போவதை நிறுத்தினார். வருடப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் தொலைபேசியில் பேசினார்; அந்தப் பேச்சில் மைத்துனரின் பெயர் வராது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் இராணுவ வேலிக்குள் அகப்பட்டது. சீதனமாக எழுதிய வீட்டுக்குள் எழுதிக் கொடுத்தவர்களும் போக முடியாது, எழுதி வாங்கியவர்களும் போக முடியாது என்றாயிற்று. பெற்றோர் கொழும்புக்கு வந்து ஓர் அறையில் தங்கியிருந்தனர். கொடுத்த விலையில் எதுவும் எவரிடமும் எஞ்சவில்லை. மாப்பிள்ளை எஞ்சினியராகவில்லை என்ற குறை மட்டும் அப்படியே இருந்தது.

அந்நாள்களில் ஒரு ஞாயிறு, கொழும்பிலிருந்து ஒருவர் கையில் வந்த பெற்றோரின் கடிதத்தைத் தங்கையிடம் சேர்க்கும்படி நண்பர் என்னிடம் தந்தார். பலசரக்குக் கடையொன்றின் மேல்மாடியில் அவர்கள் இருந்தார்கள். கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தாள்.

"வாங்கோ மாஸ்டர். மெல்லக் கதையுங்கோ. அவர் உள்ளுக்குப் படிக்கிறார்."

உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தாள். அவள் கவுன்சில் அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக வேலை செய்தாள். கணவரை மாலைநேரப் படிப்பில் மறுபடி சேர்த்திருந்தாள்.

"ரெண்டு வருசமா அவரைச் சனி ஞாயிறு வேலைக்கு விடுறேல்லை," என்றாள். "தம்பியாருக்கு அனுப்புறதை நான் அனுப்புறன். ஊரிலையிருந்து அவற்றை அப்பா கடிதம் எழுதினால் நான்தான் முதல் உடைச்சுப் பாக்கிறது. தேவையில்லாததை அவருக்குக் காட்டுறேல்லை."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நீங்களும் சொல்லாதையுங்கோ. தெரிஞ்சால் ஒவ்வொரு கிழமையும் போன் எடுத்து, என்னவாம் என்னவாம் எண்டு கேப்பார். சோதினை முடியட்டும்."

தேநீர் கொண்டுவந்தாள். மூலையில் தொலைக்காட்சி துணி போர்த்தபடி இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு சிரித்தாள்.

"கலியாணம் முடிச்ச புதிசிலை அண்ணை ஞாயிறிலை இஞ்சை வந்துதான் அந்த விளையாட்டைப் பாக்கிறவர். அந்தக் காசு வாங்கின பொடியனை ஏசி ஏசிப் பாப்பார். எறியத் தெரியாதவன், பயந்தவன் எண்டு. எனக்கு ஒண்டும் விளங்கிறேல்லை. நான் அவனைப் பாக்கிறதில்லை, அவனுக்கு முன்னாலை நிண்டவையைத்தான் பாப்பன். ஒருத்தனும் ஒழுங்கா நிக்கேல்லை, மாஸ்டர்."

அதன் பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். மோர்டன் நிலைய வாசலில் அவள் கணவர் என்னிடம் கேட்டதையும், அதற்கு நான் கொண்ட பொருளையும், அந்தப் பொருளோடு அதை அவள் தமையனிடம் சேர்ப்பித்ததையும் சொன்னேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அவர் கேட்டது எனக்குத் தெரியும். முதல் கிழமையே சொன்னவர். நீங்கள் வடிவாச் சொல்லியிருப்பியள், அண்ணைதான் மறுத்திட்டார் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறார்." கோப்பையின் பிடியைத் திருப்பிவிட்டு, "அப்பிடியே நினைக்கட்டும்," என்றாள். "உங்களிலை அவருக்கு நல்ல மரியாதை."

அவள் குரலில் கடுமை இல்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது நண்பர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டு எடுக்கப்பட்ட புதிய இளைஞன் ஒருவனுக்குப் பழையவனுக்குக் கொடுத்ததைவிடப் பன்மடங்கு கொடுத்திருந்தார்கள்.

"தங்கச்சி என்னவாம்?"

"சுகமா இருக்கினம். வேலைக்குப் போகினம்."

"அவர்?"

"அவரும் சுகம்."

என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினார். "இந்தப் பொடியனைப் பாருங்கோ மாஸ்டர். கையைப் பாருங்கோ. இவன் கட்டாயம் வருவான்."

"விக்கிறதுக்கு இன்னும் காணி கிடக்கோ?" என்று கேட்டார் மன்னார்க்காரர். இம்முறை நண்பரும் சிரித்தார்.

அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு காலை, கணவர் மாலைநேரப் படிப்பின் இறுதிப் பரீட்சையில் தேறிவிட்டார் என்று தங்கை தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். நண்பர் வேலைக்குப் போக உடுத்திருந்த உடையோடு அரைமணி நேரம் படிக்கட்டில் இருந்தார். வேலைக்குப் போகவில்லை. கடைக்குப் போய் ஒரு கேக் வாங்கிவந்து, என்னையும் கூட வரச் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னனான் மாஸ்டர், கெட்டிக்காரப் பொடியன் எண்டு," என்று வண்டியில் இரண்டு முறை சொன்னார். நான் மறுக்கவில்லை. கேக் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

தங்கை கதவைத் திறந்தாள். தமையனை அந்த வாசலில் அவள் கண்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நண்பர் கேக் பெட்டியை நீட்டினார்.

"அவர் எங்கை?"

"நித்திரை அண்ணை. விடியத்தான் படுத்தவர். எழுப்பட்டே?"

நண்பர் சப்பாத்தைக் கழற்றி, ஓசை எழாதபடி சுவரோரமாக வைத்தார்.

"வேண்டாம்," என்றார். "பொறுப்பம்."

முன்னறையில் நாங்கள் இருவரும் இருந்தோம். அவர் எழுந்து வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று.